பின்னால் யாரும் இல்லை: சரக்கு விமானத்தில் சேரப்போகும் பைலட்டுக்கு

ஆஃபர் கடிதம் வந்துவிட்டது. வீட்டில் இனிப்பு வாங்கியாயிற்று. ஒரு சித்தப்பாவாவது "சரக்கு விமானமா? பாசஞ்சர் பிளேன் கிடைக்கலையா?" என்று கேட்டிருப்பார். அவருக்குப் பதில் சொல்ல அப்புறம் நேரம் கிடைக்கும். பயிற்சி தொடங்க ஐந்தாறு வாரம் இருக்கிறதல்லவா, அந்த நாட்களை என்ன செய்வது என்று பார்ப்போம்.

நான் சென்னையில் இருந்துகொண்டு சரக்கு விமானத்தில் கோ-பைலட்டாகப் பறப்பவன். நம் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1996-இல் பறக்கத் தொடங்கிய புளூடார்ட் ஏவியேஷனின் தலைமையிடம் சென்னைதான். போயிங் 757-200, 737-800 சரக்கு விமானங்களை அது இயக்குகிறது. 2022-இல் இண்டிகோவும் பயணிகள் விமானமாக இருந்த ஏ321-ஐச் சரக்குக்கு மாற்றிக் கொண்டுவந்தது. நீங்கள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் பயிற்சியின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்: வகுப்பறை, சிமுலேட்டர் (சிம்) என்ற போலி காக்பிட், பிறகு பயிற்சி கேப்டனோடு நிஜ விமானம்.

பயணிகள் விமானத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், காக்பிட் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது. கருகல் வாடை வருகிறது என்று இன்டர்காமில் சொல்ல கேபின் குழு கிடையாது. இறக்கையில் ஏதோ ஆடுகிறது என்று பயப்படப் பயணி கிடையாது. இருபது டன் சரக்கு இருக்கிறது, அது வாய் திறக்காது. கண்டுபிடிக்க வேண்டியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்தான். அதனால்தான் கீழே சில விஷயங்களை இழுத்துச் சொல்கிறேன், சிலவற்றை ஒரு வரியில் தாண்டுகிறேன்.

முதலில் காகிதம்

சலிப்பான வேலை, ஆனால் முதல் வாரத்தில் அதிகம் பேர் திணறுவது இதில்தான். சிபிஎல் என்ற பைலட் லைசன்ஸ், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எஃப்ஆர்டிஓஎல், ஆர்டிஆர் என்ற ரேடியோ உரிமங்கள், ஆங்கிலத் திறன் சான்று, பாஸ்போர்ட், லாக்புக் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது எப்போது காலாவதியாகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். சிம் பயிற்சி நடுவில் மெடிக்கல் முடிகிறது என்றால் இப்போதே போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டர் வெளிநாட்டில் இருந்தால் விசா வேண்டும்; பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, லைசன்சில் அதே அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். விமான நிலைய நுழைவு அட்டைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் அது மூன்று ஆள். அட்டை இல்லாமல் விமானத்தின் பக்கத்தில்கூடப் போக முடியாது. பெயர் வேறுபாட்டுக்கு அஃபிடவிட் எடுக்க வேண்டுமா என்பதை நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் இன்றே கேளுங்கள். போலீஸ் சரிபார்ப்பு சொந்த ஊர் முகவரிக்குப் போகும் என்றால் வீட்டில் ஆள் இருக்கச் சொல்லுங்கள். என் தாள்கள் ஊர் ஸ்டேஷனில் பதினேழு நாள் தூங்கின.

வேறு விமான நிறுவனத்தில் இருந்து வருகிறவர் என்றால் நோட்டீஸ் காலத்தை மறக்காதீர்கள். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஓராண்டு.

அப்புறம் பாண்டு, அதாவது இத்தனை ஆண்டு வேலை செய்வேன், நடுவில் போனால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டு என்பது எந்த நாளிலிருந்து கணக்கு, சேர்ந்த நாளா, லைன் ரிலீஸ் ஆன (பயிற்சி முடிந்து வழக்கமான பணிக்கு விடுவித்த) நாளா? தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா, அல்லது கடைசி நாள் வரை முழுதாகவே நிற்குமா? நீங்கள் பயிற்சியில் தேறாவிட்டால் செலவு யார் தலையில்? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்காமல் போட்ட நண்பன் ஒருவன் இன்னும் தவணை கட்டுகிறான்.

நாற்காலியில் பறப்பது

பயிற்சித் துறையிடம் கையேடுகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கொடுப்பார்கள். கொடுக்கும்வரை இணையத்தில் கிடக்கும் பழைய பிரதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே விமான வகைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி நடைமுறை வைத்திருக்கும். தப்பாகப் படித்ததை மறப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம்.

கையேடு வந்ததும் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்காராதீர்கள். மூன்றை மட்டும் எடுங்கள். ஒன்று, மெமரி ஐட்டம், அதாவது அவசரத்தில் புத்தகம் திறக்காமல் செய்ய வேண்டியவை. வார்த்தை மாறாமல் வேண்டும். திருக்குறள் ஒப்பித்த மாதிரி. இரண்டு, லிமிடேஷன் எண்கள், அதாவது விமானம் தாண்டக் கூடாத வரம்புகள். மூன்று, ஃப்ளோ: காக்பிட்டில் கை எந்த வரிசையில் எங்கெங்கே போகிறது என்பது.

ஃப்ளோவைக் கண்ணால் படிக்க முடியாது. கையால்தான் படிக்க முடியும். காக்பிட் பேனல் படங்களைப் பெரிய தாளில் அச்சடித்து, தலைக்கு மேல் வருவதைத் தலைக்கு மேலும், முன்னால் வருவதை முன்னாலும் ஒட்டுங்கள். என் வீட்டில் ஓவர்ஹெட் பேனல் பரண் கதவின் அடியில் ஒட்டியிருந்தது, த்ராட்டில் இருந்த இடத்தில் ஒரு அஞ்சறைப் பெட்டி. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை நீட்ட வேண்டும். "யார்கிட்டடா பேசுற?" என்று அம்மா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் எதிரில் உட்கார்ந்து செக்லிஸ்ட் வாசிக்க ஆரம்பித்தார். உச்சரிப்பு எப்படியோ இருந்தது, வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு நாளைக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு தடவை போதும். மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார்ந்தால் கை கற்றுக்கொள்ளாது, முதுகுதான் வலிக்கும்.

சின்ன விமானத்தில் இருநூறு மணி நேரம் பறந்துவிட்டு ஜெட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி, வேகம். விமானம் எங்கே இருக்கிறதோ அதற்குப் பத்து மைல் பின்னால் மனசு வந்துகொண்டிருக்கும். அதற்கு மருந்து மனக்கணக்கு. குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன் இறங்கத் தொடங்க வேண்டும் என்று தெரியும். 36,000 அடியிலிருந்து என்றால் 108 மைல், வேகத்தைக் குறைக்க இன்னொரு பத்து. கடைசியில், மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும்போது தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இந்த 700-ஐ நினைவில் வைத்திருங்கள், கீழே மறுபடி வரும். பேருந்தில் போகும்போது, குளிக்கும்போது என்று சும்மா எண்களைப் போட்டுக்கொண்டே இருங்கள்.

தூக்கத்தைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்

இதை எந்தப் பாடத்திட்டத்திலும் முதல் பக்கத்தில் போட மாட்டார்கள். நான் போடுவேன். கூரியர் சரக்கு எப்படி நகர்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: சாயங்காலம் கடைகளில் இருந்து சேகரிப்பு, நள்ளிரவில் பெரிய நிலையத்தில் பிரித்து மாற்றுவது, விடியும் முன் வேறு ஊருக்கு. நம் வேலை நேரமும் அதுதான். இரவு இரண்டு முதல் காலை ஆறு வரை உடல் தாழ்ந்து கிடக்கும் நேரம்; அதில்தான் தரையிறங்குவீர்கள்.

2013 ஆகஸ்ட் 14. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகருக்கு யூபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் ஏ300 சரக்கு விமானம் ஒன்று விடியும் முன் வந்தது. நீளமான ஓடுபாதை வேலைக்காக மூடியிருந்ததால் சின்ன ஓடுபாதை. அதற்குச் சரிவுப் பாதையைக் காட்டும் முழுக் கருவி வழிகாட்டல் இல்லை. விமானக் கணினி தரவேண்டிய வழிகாட்டலும் சரியாக அமைக்கப்படாததால் வரவில்லை. நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் இறங்கினார்கள். மேலே சொன்ன 700-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தபட்ச உயரம் வந்ததைச் சொல்ல வேண்டிய குரல் எழவில்லை. மலைச்சரிவில் மோதி இருவரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்தியது ஒரு வரி: துணை விமானியின் களைப்புக்குக் காரணங்களில் ஒன்றாக, ஓய்வு நேரத்தை அவர் சரியாகப் பயன்படுத்தாததையும் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு கொடுப்பது நிறுவனத்தின் வேலை, அதில் தூங்குவது நம் வேலை என்று அர்த்தம்.

ஆனால் நம் ஊரில் பகலில் தூங்குவது லேசுப்பட்ட காரியமா? காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் எட்டுக்கு எதிர் வீட்டுக் குக்கர், ஒன்பதுக்குக் கீரைக்காரம்மா, பத்துக்கு ஏதோ ஒரு டெலிவரி (அதுவே நாம் இரவு கொண்டுவந்த பெட்டியாகவும் இருக்கலாம்). ஆடி மாதம் வந்தால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஆகவே வகுப்பு தொடங்கும் முன்னாலேயே ஓர் அறையைத் தயார்செய்யுங்கள். வெளிச்சம் நுழையாத கனமான திரை, காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச், காதடைப்பான், ஏசி. திரைக்குக் காசு இல்லையென்றால் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டுங்கள், அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். வீட்டாருக்கு அட்டவணையை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். பகலில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்று நினைக்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. விரோதமில்லாமல் ஒரு தடவை விளக்கிவிட்டால் பிறகு அவர்களே வாசலில் காவல் நிற்பார்கள்.

எனக்குப் பொருந்துவது இரண்டு துண்டுத் தூக்கம். காலையில் வந்ததும் நாலரை, ஐந்து மணி நேரம். மாலை கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஐந்தாறு வாரம். கடைசி இரண்டு வாரத்தில் நாலைந்து இரவு விழித்திருந்து, அதிகாலை மூன்று மணிக்கு மெமரி ஐட்டங்களை எழுதிப் பாருங்கள். மதியம் தலைகீழாகச் சொன்னது அப்போது ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டையை வீட்டில் பார்ப்பது நல்லது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: இரவுப் பயணத்துக்கு முன் தயிர்சாதம் வேண்டாம். மற்றதை உங்கள் வயிறு சொல்லிக்கொடுக்கும்.

இத்தோடு சேர்ந்த இன்னொரு பழக்கம். பணிக்கு வந்ததும் மூச்சுப் பரிசோதனை உண்டு, அதில் பூஜ்யம்தான் வர வேண்டும். பறப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் மது கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மவுத்வாஷும் கூடாது என்று 2023-இல் விதியிலேயே எழுதிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், ஹோமியோபதிச் சொட்டு, கையில் தேய்த்த சானிடைசர் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. முதல் தடவை சிக்கினால் மூன்று மாதம் லைசன்ஸ் முடக்கம். பயிற்சியில் இருக்கும்போது மூன்று மாதம் என்றால் எல்லாம் முதலில் இருந்து.

வகுப்பறை: சரக்கைப் படிப்பது

விமான அமைப்புகள், பாதுகாப்பு, குழுப்பணி, மழைக்காலப் பறத்தல், காக்பிட் ஜன்னல் வழியே கயிறு பிடித்து இறங்கும் பயிற்சி என்று வாரக்கணக்கில் வகுப்பு ஓடும். கவனமாக இருந்தால் தேறிவிடலாம். எல்லோரும் அசட்டையாக உட்காரும் வகுப்பு ஒன்று உண்டு, ஆபத்தான சரக்கு. மதிய உணவுக்குப் பிறகு போடுவார்கள் வேறு. அதில்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஒன்பது வகுப்புகள்: வெடிபொருள், வாயு, எரியும் திரவம் என்று தொடங்கி, கதிரியக்கம் ஏழு, அரிப்பவை எட்டு, மற்றவை ஒன்பது. ஒன்பதாவதில்தான் நமக்குத் தினப்படி வேலை. மருந்துப் பெட்டியைக் குளிராக வைத்திருக்கும் உலர்பனி அதில் வருகிறது. கரையக் கரைய அது கரியமில வாயுவாகும். ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளையும் உலர்பனியையும் அருகருகே வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரிய ஆள் லித்தியம் பேட்டரி. சாதனம் இல்லாமல் தனியாக வரும் லித்தியம்-அயான் பேட்டரிக்கு எண் யூஎன் 3480. 2016 ஏப்ரல் 1 முதல் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. மின்னேற்றமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் எதில் ஏற்றுவார்கள்? நம் விமானத்தில். "சரக்கு விமானத்தில் மட்டும்" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேபிள் உண்டு, அதைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும்.

இந்தச் சரக்கெல்லாம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கேப்டனுக்குத் தரும் தாள் நோட்டாக். நடைமுறையில் அது அவசரமாக, கதவு மூடும் நேரத்தில் வரும். வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். எந்த பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு), எந்த இடம் என்று வாசித்து, உங்களுக்கே ஒரு வரியில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே புகை எச்சரிக்கை வந்தால் அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும்.

அடுத்து எடையும் இருப்பிடமும். 737-800 மாற்றுச் சரக்கு விமானம் சுமார் 24 டன் சுமக்கும். அதில் ஒரு கனமான பேலட் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் போனால் விமானத்தின் குணமே மாறிவிடும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில், கவச வண்டிகளை ஏற்றிய 747 ஒன்று தரையை விட்டு எழும்பியதும் உள்ளே வண்டி பின்னோக்கி நகர்ந்தது. வால்பகுதியின் இயக்கமே சேதமாகி விமானம் விழுந்தது. ஏழு பேரும் போய்விட்டார்கள். கட்டிய முறையே தவறு என்றது விசாரணை. எடைச் சமநிலையைக் கணக்கிடும் ட்ரிம் ஷீட்டைக் கணினிதான் போடுகிறது, ஆனாலும் பயிற்சிக் காலத்தில் பத்துப் பதினைந்தைக் கையால் போட்டுப் பாருங்கள். எண் ஒன்று உறுத்தினால் உடனே தெரியும் அளவுக்குக் கண் பழக வேண்டும். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு, சிலர் சிரிப்பார்கள்.

பின்னால் தீ

பெரும்பாலான சரக்கு விமானங்களின் மேல்தளத்தை கிளாஸ் ஈ என்பார்கள். புகையைக் கண்டறியும் கருவி இருக்கும். அணைக்கும் வாயு இருக்காது. காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தை இறக்கி, ஆக்சிஜன் குறைவான உயரத்தில் தீயைப் பட்டினி போடுவதுதான் வழி. அதோடு அருகிலுள்ள ஓடுபாதையைத் தேட வேண்டும். முதன்முதலாகப் படித்தபோது, "இவ்வளவுதானா?" என்று தோன்றியது.

2010 செப்டம்பர் 3, துபாய். யூபிஎஸ் 6 என்ற 747-400 சரக்கு விமானம். ஏறிய இருபத்திச் சொச்சம் நிமிடத்தில் தீ எச்சரிக்கை; லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்த சரக்கு. கேப்டனுக்கு ஆக்சிஜன் வருவது நின்றுவிட, எழுந்து பின்னால் போனவர் திரும்பவில்லை. துணை விமானிக்குக் கருவிகள் தெரியவில்லை, அலைவரிசையை மாற்றக்கூட முடியாத புகை. வேறு விமானங்கள் நடுவில் நின்று தகவல் கடத்தின. எச்சரிக்கை வந்து அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

வீட்டிலிருந்தே இதற்குத் தயாராகலாம். மாஸ்க் எடுத்து மாட்டுவது, மைக்கை மாஸ்குக்கு மாற்றுவது, ஆக்சிஜனை நூறு சதவீதத்தில் வைப்பது, இருக்கை லீவர், ஜன்னல் கைப்பிடி: இந்த ஐந்தும் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரிய வேண்டும். முதலில் படத்தை வைத்து, பிறகு வகுப்பில் நிஜ மாஸ்கோடு. கண்ணாடி போடுகிறவர்கள் அதன்மேல் புகைக் கண்ணாடி உட்காருகிறதா என்று பயிற்சி மையத்திலேயே பார்த்துவிடுங்கள். எனக்கு உட்காரவில்லை, ஃப்ரேமை மாற்றினேன். மாஸ்க் போட்டபின் குரல் மாறும், மூச்சு இரைவது காதில் பெரிதாகக் கேட்கும், சக விமானி சொல்வது பாதிதான் விளங்கும். சிம்மில் முதல் தடவை இது எல்லோரையும் கலக்கும். மெதுவாக, குட்டை வாக்கியமாகப் பேசுங்கள்.

சிம்

பொதுவாக ஒரு அமர்வு நான்கு மணி நேரம். இரண்டு மணி நீங்கள் ஓட்ட, இரண்டு மணி கூட்டாளி. முன்னாலும் பின்னாலும் விளக்கம். சிம்மைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள், ராத்திரி ஒன்றரை மணிக்கெல்லாம் முறை வரும். தூக்கப் பாடம் இங்கேயே உதவத் தொடங்கும்.

கூட்டாளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பெயர் தெரிந்த அன்றே பேசுங்கள், முடிந்தால் ஒரே விடுதியில் தங்குங்கள். ஒவ்வோர் அமர்வுக்கும் முந்தைய நாள் இரண்டு நாற்காலி போட்டு முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவர் முறையில் நீங்கள் ஓய்வெடுப்பதில்லை. கண்காணிக்கும் விமானியாக உங்களையும் மதிப்பிடுகிறார்கள். பர்மிங்ஹாமில் எழாத குரல் அந்த இருக்கையில் இருந்து வந்திருக்க வேண்டியது. கேப்டன் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார், "சார்" என்று கூப்பிட்டே பழக்கப்பட்ட நமக்கு நாக்கு எழாது. அதனால்தான் நடைமுறையில் சொல்ல வேண்டிய வார்த்தையையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதையை "சார்" பார்த்துக்கொள்ளும், நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள்.

தவறு செய்தால் "சாரி சார்" என்று நின்றுவிடாதீர்கள். விமானம் நிற்காது. திருத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிந்தபின் பயிற்றுநர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்றிரவே. ஒரே குறை மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நீங்களாகவே போய்க் கூடுதல் அமர்வு கேளுங்கள். என் குழுவில் ஒருவர் குறுக்குக்காற்றில் தரையிறங்குவதில் தடுமாறினார், கேட்க வெட்கப்பட்டார், கடைசித் தேர்வில் அதுவே வந்தது. மறு தேர்வில் தேறினார், ஆனால் அந்த நடு வாரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லைன்: விமானம் நிற்கும் ஏப்ரனில் முதல் இரவு

காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் சில பயணங்கள், பயிற்சி கேப்டனோடு பறத்தல், கடைசியில் லைன் செக் என்ற தேர்வு, அப்புறம் ரிலீஸ். புத்தகத்தில் இல்லாத பாதி விஷயம் இங்கேதான் கற்பீர்கள், அதில் பாதி தரையில்.

விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பது பெரும்பாலும் இருட்டில். சரக்கைத் தூக்கி ஏற்றும் ஹை லோடர், டிராக்டர், அது இழுக்கும் டாலி வண்டி எல்லாம் பறந்துகொண்டிருக்கும். ஒளிரும் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். சரக்குக் கதவின் விளிம்பில் லோடர் இடித்த தடம், கீறல் இருக்கிறதா என்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். சரக்கு விமானத்தில் அடிபடும் இடம் அதுதான். உள்ளே போக வழி இருந்தால் பேலட் பூட்டுகள் எழும்பி நிற்கின்றனவா, வலை இறுக்கமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொன்னாலும் பாருங்கள்.

ஏற்றி இறக்கும் ஆட்களோடு பேசுங்கள். பின்னால் யாரும் இல்லை என்றேனே, விமானம் கிளம்பும்வரை அங்கே இருப்பவர்கள் இவர்கள்தான். ஒரு நாள் ஏணியில் ஏறப்போன என்னை ஒரு பெரியவர் நிறுத்தினார். "சார், மூணாவது பேலட்ல தண்ணி கசியுது."

"என்ன தண்ணிண்ணே?"

"மீன் பெட்டி. உப்புத் தண்ணி."

போய்ப் பார்த்தோம். பெட்டி ஒன்றின் மூலை பிளந்து, தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் தளத்துக்கு அடியில் இறங்கினால் உலோகத்தை அரிக்கும், வயரிங்கில் பட்டால் கேட்கவே வேண்டாம். இறக்கித் துடைத்துப் பொறியாளர் பார்த்து முடிக்க ஐம்பது நிமிடத் தாமதம். எந்தக் கருவியும் அதை எங்களுக்குக் காட்டியிருக்காது. அவர் சொல்லாமல் போயிருக்கலாம், அவர் கேட்டால் முகம் கொடுக்காத பைலட்டுகளும் உண்டு. அடுத்த வாரத்திலிருந்து ஏணியில் ஏறும் முன் "எல்லாம் சரியாண்ணே?" என்று கேட்பது எனக்குச் செக்லிஸ்டில் ஒரு வரி.

பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபிளாஸ்க், ஏனென்றால் காபி கொண்டுவர ஆள் இல்லை. ஸ்வெட்டர், சென்னைக்காரர்கள் சிரித்தாலும். அதிகாலை நாலு மணிக்கு டெல்லி ஜனவரியில் கதவு திறக்கும்போது தெரியும். காதடைப்பான் இரண்டு ஜோடி. இரண்டு டார்ச், ஒன்று கட்டாயம் அணையும். டார்ச்சுக்கு உதிரி பேட்டரியும் வையுங்கள். அது லித்தியம் என்றால், வேறு ஊரில் விமானத்தை எடுக்க நீங்களே பயணியாகப் போகும் நாளில் அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். ஏன் என்று அந்த மதிய வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தெரியும்.